கொஞ்சம் சாய்ந்த பல்

என் மனைவிக்கு மேல் வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. நான் பல் செட் செய்து பிழைப்பவன். இவை இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு வார்ப்பேன். அச்சின் மேல் மெழுகால் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நடுவேன். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிற பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைப்பேன். வீட்டின் பின்னறைதான் பட்டறை. கதவைத் திறந்தாலே மெழுகு வாசனை வரும், தும்மினால் மாவு பறக்கும். நாங்கள் போகும் சர்ச்சில், சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் பல்லண்ணன். என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என் மனைவி அங்கே பாட்டுக்குழுவின் முன்வரிசை. நான் அவளை முதன்முதலில் பார்த்ததும் அந்த முன்வரிசையில்தான். அவளுடைய முன்பற்களில் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது, தோழியின் தோளில் சாய்ந்து கதை பேசுகிற மாதிரி. அவள் பாட வாயைத் திறந்தாள், நான் விழுந்தேன். அழகு என்றால் எனக்குப் பல்தான், தொழில் அப்படி. கல்யாணமான புதிதில் எடுத்த அவளுடைய சிரித்த படம் ஒன்று இத்தனை வருஷமாகப் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் யாராவது எட்டிப் பார்த்தால், "என் கைவேலை இல்லைங்க, சொந்தப் பல்லு" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அந்தப் பெருமைக்குக் கண்பட்டதோ என்னவோ, அவளுக்கு ஈறு நோய் வந்தது. மேல் வரிசை முழுக்க ஆட்டம் கண்டது. டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஈறு ஆறி, வீக்கம் வற்றினால்தான் செட் சரியாக உட்காரும், அதுவரை பொறுங்கள் என்றார்.

வேறு யாராக இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டோடு கிடந்திருப்பார்கள். இவள் அடுத்த ஞாயிறே முன்வரிசையில் போய் நின்றாள். பாட்டில் 'ச' வந்தால் போதும், விசில் பறக்கும். ஞாயிறு வகுப்பில் பால்பல் விழுந்த வாண்டுகளுக்குக் கொண்டாட்டம். "ஆன்ட்டி, எனக்கு ரெண்டு பல்லு இல்ல, உங்களுக்கு எத்தன?" என்று போட்டி வேறு. அவர்களுக்கு முன் வாயை ஆவென்று திறந்து காட்டி, "நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்பாள்.

எனக்குத்தான் மானம் போனது. "கொஞ்ச நாளைக்குப் பின்வரிசையில நின்னா என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஏங்க, பின்வரிசையில நின்னா ஆண்டவருக்குக் கேக்காதா?"

"கேக்கும். பாக்குறவங்களுக்குத் தெரியாதுல்ல."

"நான் பாக்குறவங்களுக்கா பாடுறேன்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. பல் போன பிறகாவது அது குறையும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பட்டறைக்குப் புதிய வாய் அளவு எது வந்தாலும், நான் வேலையைத் தொடங்கும் முன் வந்து அதன் மேல் கை வைத்து ஜெபிப்பாள். "ஆண்டவரே, இது யாரோ எவரோ. இவங்க வாய் நிறையச் சாப்பிடட்டும், வாய் நிறையச் சிரிக்கட்டும்." அவ்வளவுதான். நான் அந்த நேரத்தில் மெழுகைச் சூடுபண்ணிக்கொண்டிருப்பேன். அவள் ஆமென் சொன்னால் வேலை ஆரம்பம்.

இந்த நிலையில் மகளுக்கு வரன் கூடி வந்தது. பையன் தங்கம். அவனுடைய அப்பா சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். வளர்த்ததெல்லாம் அம்மா ஒருத்திதான். துணிக்கடை வைத்திருக்கிறார். நான் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் 'இஸ்திரி'. உடையில் ஒரு சுருக்கம் இருக்காது, தலையில் ஒரு முடி கலையாது. சிரிப்பதுகூட அளந்து மடித்து வைத்த மாதிரிதான் இருக்கும். பெண் பார்க்க வந்தபோது என் மனைவி வாயைத் திறந்து சிரிக்க, அந்த அம்மா ஒரு கணம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டதை நான் கவனித்தேன். எனக்குச் சுருக்கென்றது. நிச்சயதார்த்தத்தன்று என் மனைவி அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது யாரும் கண்ணைத் தாழ்த்தக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஈறும் ஆறியிருந்தது. நல்ல ரகப் பற்களாகப் பார்த்து வரவழைத்தேன். முன்பற்கள் சின்ன அட்டையில் ஒட்டி வரும். நிறம், நீளம், அகலம் எல்லாம் சுவரிலிருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தேன். மெழுகில் நட்டபோது, அந்த ஒரு பல்லை மட்டும் பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்த்தேன். ஊராருக்கெல்லாம் நேராக வைத்தே பழகிய கை. அந்தச் சாய்வு சரியாக வருவதற்குள் கண் பிதுங்கிவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோய் மெழுகோடு வாயில் வைத்துப் பார்த்தோம். அவள் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. இனி பிளாஸ்டிக்கில் வேகவைத்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை இஸ்திரி வீட்டிலிருந்து போன் வந்தது. மகள் எடுத்தாள். பேசப் பேச அவள் முகம் வெளிறியது. "நிச்சயத்தைத் தள்ளி வைக்கணுமாம்ப்பா. ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல. எப்போன்னும் சொல்லல" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எல்லாம் இவள் அம்மா பல்லில்லாமல் சிரித்ததால் வந்த வினை என்று மனதுக்குள் பொருமினேன். என் மனைவி போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதலில் பேச்சு, பிறகு நீண்ட மௌனம், பிறகு அவளுடைய ஜெபக் குரல், கடைசியில் சிரிப்பு. என்னதான் நடக்கிறது என்று காதைக் கதவில் வைத்தும் பிடிபடவில்லை.

வெளியே வந்தவள், மகளின் கண்ணைத் துடைத்தாள். "அழாதடி. நிச்சயம் ஞாயித்துக்கிழமையே நடக்கும்."

"என்னவாம் அந்தம்மாவுக்கு?" என்றேன்.

"கொஞ்சம் உடம்புக்கு முடியலையாம். ஜெபம் பண்ணிக்கிட்டோம்."

"ஜெபத்துக்கு நடுவுல எதுக்குச் சிரிச்ச?"

"சிரிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?" என்று சொல்லிவிட்டு நேராக அரிசி களையப் போய்விட்டாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

மறுநாள் காலை டாக்டர் ஒரு பெட்டியை அனுப்பினார். பின்னாலேயே அவருடைய போனும் வந்தது. "அண்ணே, அவசர வேலை. மேல் செட்டு. நாய்க்கடி கேஸ்."

"நாய் கடிச்சா ஊசி போடுங்க டாக்டர், நான் என்ன பண்ண?"

"நாய் கடிச்சது பல் செட்டை. ராத்திரி கழட்டி வச்சிருக்காங்க, வீட்டு நாய் விளையாட்டுச் சாமான்னு நினைச்சுத் தூளாக்கிடுச்சு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும். மெழுகுல வச்சுப் பாக்கவெல்லாம் நேரமில்ல, நேரா முடிச்சிடுங்க. பேரு மட்டும் கேக்காதீங்க, அவங்க ரொம்பக் கூச்சப்படுறாங்க."

முடியவே முடியாது என்றேன். என் மகளின் நிச்சயம், என் மனைவியின் செட், எனக்கு இருப்பதோ இரண்டு கை. பேசிக்கொண்டே திரும்பினால், என் மனைவி அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வாய் அளவின் மேல் கை வைத்துக் கண்மூடி நின்றுகொண்டிருந்தாள். வழக்கமான ஜெபத்தைவிட நீளமாகப் போனது. ஆமென் என்றாள்.

"ஏம்மா, நான் இன்னும் ஒத்துக்கவே இல்ல."

"ஒத்துக்கோங்க."

"ரெண்டு செட்டையும் முடிச்சிடுவேன்னே வச்சுக்க. இந்த அளவுக்கு முன்பல்லு எங்கிட்ட இல்ல. கடையிலயும் இல்ல, அடுத்த வாரம்தான் வரும். இருக்கிறது உன் மெழுகுல நட்டு வச்சிருக்கிறது மட்டும்தான்."

"அப்போ அதைப் பிடுங்கி இதுல வைங்க."

நான் கத்தினேன். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் அல்லவா, நன்றாகவே கத்தினேன். யாரென்றே தெரியாத ஒருத்திக்காகவா இத்தனை நாள் நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன், பெற்ற மகளின் நிச்சயத்தில் நீ பொக்கைவாயோடு நிற்பாயா, அந்த இஸ்திரி பக்கத்தில் நின்று படமெடுக்க உனக்குக் கூச்சமில்லையா என்று கேட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு இல்லாம சிரிச்சுப் பழகிடுச்சுங்க. பாவம், அவங்களுக்குப் பழக்கமில்ல."

"உனக்கு ஆசையே இல்லையா?"

சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். "ஆசை இல்லாம இருக்குமா? அன்னிக்குக் கண்ணாடியில பாத்தப்போ அப்படியே போட்டுக்கிட்டு வீட்டுக்கு ஓடிடலாமான்னு இருந்துச்சு." பார்வையை என் பக்கம் திருப்பினாள். "ஆனா இப்போ இது அவங்களுக்குத்தான் வேணும். வாயைத் திறக்கப் பயந்துக்கிட்டு ஒரு பொம்பள வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காங்க. தெரிஞ்சும் நான் இதைப் போட்டுக்கிட்டுச் சிரிச்சேன்னா, அது என்ன சிரிப்பு? ஆண்டவர் முகத்தை எப்படிப் பாப்பேன்?"

முணுமுணுத்துக்கொண்டே அவளுடைய மெழுகிலிருந்து பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கோபம் வந்தால் எனக்கு வேலை வேகமாக ஓடும். வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கை அது பாட்டுக்குப் பல்லை நட்டுக்கொண்டே போனது. வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி, சனிக்கிழமை பொழுது சாயும் முன் டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்வரிசையில் அவள் விசிலோடு பாடுகிறாள். பழைய நாளில் அந்தப் பல் எப்படிச் சாய்ந்து தெரியும் என்று நினைத்துப் பார்த்தேன். பகீரென்றது. அந்த யாரோ ஒருத்தியின் செட்டிலும் என் கை அந்தப் பல்லைச் சாய்த்தல்லவா வைத்திருக்கிறது! இத்தனை நாள் இந்தச் சாய்வையே பழகிய கை, கோபத்தில் அதையே செய்துவிட்டது. அசலார் வாயில் கோணல் பல்லை வைத்து அனுப்பிய தொழில்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போதகர் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதியம் டாக்டர் போன் செய்வார், கிழிகிழியென்று கிழிப்பார் என்று காத்திருந்தேன். போனே வரவில்லை.

மாலை எங்கள் முன்னறையில் நாற்காலி போட இடமில்லை. போதகர், பாட்டுக்குழு, சொந்தக்காரர்கள், பையன் வீட்டார். இஸ்திரி வந்தார். சுருக்கமில்லாத உடை, கலையாத முடி. ஆனால் உதட்டைத் தைத்து வைத்தது போல இறுக்கி மூடியிருந்தார். வாங்க என்றால் தலையாட்டல், டீ எடுத்துக்கோங்க என்றால் கையாட்டல். எவ்வளவு கர்வம் பார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று நான் உள்ளுக்குள் கறுவினேன்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து சகஜமாகப் பேசினான். "எங்க வீட்டு நாய் ரொம்ப வாலு, மாமா. கண்ணுல பட்டதையெல்லாம் கடிச்சு வச்சிடும். இந்த வாரம் பாருங்க, அம்மாவோட..." என்று ஆரம்பித்தவன், அம்மா பார்த்த பார்வையில் எச்சில் விழுங்கினான். "...செருப்பை" என்று முடித்தான். நானும் பெரிய மனுஷனாக, "நாய்னா அப்படித்தான் மாப்ள" என்று தலையாட்டினேன்.

மோதிரம் மாற்றும் முன், "பெண்ணோட அம்மா ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று போதகர் சொல்லிவிட்டார். ஜெபத்தில் 'ச' இல்லாமல் எப்படி? சமாதானம், சந்தோஷம் என்று வரிசையாக வருமே!

வந்தது. 'சமாதானத்தின் தேவனே' என்று தொடங்கியதுமே விசில் கிளம்பியது. சின்னப் பிள்ளைகள் பக்கம் களுக்கென்று ஒரு சத்தம். 'சந்தோஷத்தால்' என்றாள், இரண்டாவது விசில், பாட்டுக்குழுப் பெண்கள் குனிந்து குலுங்கினார்கள். அவள் ஜெபத்தை நிறுத்தினாள். மகள் தரையைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

மூடிய கண் மூடியபடியே என் மனைவி சொன்னாள்: "ஆண்டவரே, இப்போ சிரிச்ச பிள்ளைங்களோட பல்லையெல்லாம் பத்திரமா பாத்துக்கும். இல்லாதவங்களுக்குச் சிரிக்கத் தைரியம் கொடும்."

போதகர்தான் முதலில் வெடித்தார். பிறகு மொத்த வீடும் சிரித்தது. என் மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, இஸ்திரியும் தன்னை மறந்து, வாய் முழுக்கத் திறந்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

நான் பார்த்தேன். தொழில்காரன் கண்ணுக்குத் தப்புமா? அந்த நிறம், அந்த நீளம், பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்த அந்த ஒற்றைப் பல். நாய், செருப்பு, வியாழக்கிழமைப் போன் எல்லாம் ஒரே நொடியில் ஒன்றாகச் சேர்ந்தன. பொக்கைவாய் பேசும் பேச்சு எப்படிக் குழறும் என்று என் மனைவிக்குத் தெரியாதா என்ன? போனில் கேட்ட உடனே கண்டுபிடித்து, நம் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பாள். யாரிடமும், கட்டிய புருஷனிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பாள். மகள் கல்யாணம் அந்தப் பற்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தும், எனக்கு ஒரு ஜாடை காட்டவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். என்னை விழ வைத்ததாக இத்தனை வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்த அதே சிரிப்பு, அச்சுப் பிசகாமல், என் எதிரே இன்னொரு முகத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல வேலை, ஒட்டு தெரியவில்லை என்று மட்டும் தோன்றியது. பிறகு என் மனைவி பக்கம் திரும்பினேன். பல்லே இல்லாத வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று முன்வரிசையில் நான் பார்த்தவள் அங்கேதான் நின்றாள்.

மோதிரம் மாற்றியானது. படம் எடுக்கும்போது இஸ்திரி வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்தக் கையைக் கடைசிவரை விடவில்லை. கிளம்பும்போது வாசலில் என்னிடம், "சம்பந்தி, உங்க வீட்டம்மா ரொம்ப அழகுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவர் வாயைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றே அவளிடம் கேட்டேன். "ஏம்மா, அந்த நாய்க்கடி கேஸ்..."

"எந்த நாய்?" என்றபடி டீ கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கோடு அசைய வேண்டுமே!

அடுத்த வாரம் புதிய பற்கள் வந்தன. அவளுடைய அச்சை எடுத்து வைத்து, மெழுகைச் சூடாக்கினேன். அவள் வழக்கம்போல அதன் மேல் கை வைத்து, "ஆண்டவரே, இது யாரோ எவரோ" என்று ஆரம்பித்துவிட்டுத் தானே சிரித்துவிட்டாள்.

"அந்தப் பல்லைப் பழையபடி சாய்ச்சே வைக்கிறேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வேண்டாங்க. நேரா வச்சிடுங்க."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். கல்யாணத்தில் இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு வாயிலும் ஒரே பல் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால், ஊர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? யாரோ ஒருத்தி வாய் நிறையச் சிரிப்பதற்காக, இவள் தன்னுடைய பல்லையே நிமிர்த்தச் சொல்கிறாள். அதை எனக்கும் விளக்கிச் சொல்ல மாட்டாள்.

கை பழக்கத்தில் இரண்டு தரம் சாய்த்தது. இரண்டு தரமும் நிமிர்த்தி வைத்தேன்.

செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் அப்படியும் இப்படியும் பார்த்தாள். 'சந்தோஷம்' என்று சொல்லிப் பார்த்தாள். விசில் வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"அழகா இருக்க" என்றேன். பல்லைப் பார்க்காமலேதான் சொன்னேன்.